பெல்ட்டக்காவின் காது

ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினுக்குள் ஒரு குவளைத் தண்ணீரை வீசுகிறார். கார்க்காரர் அலறுகிறார். "ஐயையோ, என்னம்மா பண்றீங்க!" பெல்ட்டக்காவின் ஒரு கையில் காலிக் குவளை. மறு கை, பேசாதே என்று அவர் முகத்துக்கு நேராக. காது மட்டும் இஞ்சின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கீச்சிட்டுக்கொண்டிருந்தது நனைந்ததும் நின்றால் பெல்ட் தேய்ந்திருக்கிறது. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பெல்ட் மேல் குற்றமில்லை, வேறு எதுவோ கத்துகிறது. பரிசோதனை இவ்வளவுதான். கண்ணாடி துடைக்கிற தெளிப்பானால் ஓசைப்படாமல் செய்துவிடலாம். அவர் மேசையில் தெளிப்பானும் இருக்கிறது. ஏன் அதை எடுப்பதில்லை என்று ஒரு முறை கேட்டேன். "அதுல அடிச்சா யாரும் பயப்பட மாட்டேங்கிறாங்கம்மா," என்றார்.

வயது ஐம்பத்திரண்டு. தகரக் கொட்டகையில் இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் அதன் வால் தெருவில் கிடக்கும். சுவர் முழுக்க ஆணிகளில் கறுப்பு பெல்ட்டுகள், நீள வரிசைப்படி. மிகச் சிறியது அவர் மணிக்கட்டுக்கு வளையலாகும். மிகப் பெரியது கதவோரம் தரையைத் தொடும். பிரேக், கிளட்ச், பஞ்சர் எல்லாம் பார்ப்பார். ஆனால் எதற்கு வந்தாலும் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வார். தலைவலி என்று வந்தவரையும் நாக்கை நீட்டச் சொல்கிற வைத்தியரைப் போல, பஞ்சர் என்று வந்தவரிடமும் பெல்ட்டைக் காட்டச் சொல்வார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் அதை ஃபேன் பெல்ட் என்கிறார்கள். இப்போதைய கார்களில் அது எந்த ஃபேனையும் சுற்றுவதில்லை. இதைச் சுட்டிக்காட்டினால் பெல்ட்டக்கா தோளைக் குலுக்குவார். "எங்க வீட்டுக்காரர் பட்டப்பேரு குண்டு. ஆளைப் பாத்திருக்கியா? குச்சி."

பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அது எந்தச் சக்கரத்துக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே நுழைகிறது என்று வரைந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதியதை மாட்டும்போது அரை நாள் போய்விடும். மற்ற மெக்கானிக்குகள் அட்டையில் வரைவார்கள், போனில் படம் எடுப்பார்கள். பெல்ட்டக்கா கார்க்காரரின் கையில் வரைவார். பந்துமுனைப் பேனாவால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. "காகிதம் பறந்துரும், போன் செத்துரும். வண்டிய விட்டுட்டு நீங்க எங்கயும் போக மாட்டீங்கல்ல? கையை நீட்டுங்க." ஒரு வக்கீல் அந்தப் படத்தோடு கோர்ட்டுக்குப் போனார் என்று கேள்வி.

வரையும்போதே அறிமுகமும் நடக்கும்.

"இந்தா, கீழ பெருசா இருக்கே, இவருதான் சம்பாதிக்கிறவரு. மத்த எல்லாரும் இவரு சுத்துறதுல சாப்பிடறவங்க. இது டைனமோ, மூத்த பொண்ணு. கிடைச்சதை எல்லாம் சேத்து வைப்பா. இது ஏசி, வீட்டோட மாப்பிள்ளை. பாதி நேரம் தூங்குவாரு, முழிச்சா வீடே ஆடும். இது தண்ணி பம்ப், வாயில்லாப் பூச்சி. ஆனா அது நின்னா அத்தனை பேரும் காலி. இந்தச் சின்ன உருளை இருக்கே, கொழுந்தன். ஒரு வேலை கிடையாது. சும்மா சுத்துவான். அவன் இல்லேன்னா பெல்ட்டு இந்த மூலை திரும்பாது, அதுக்காக வச்சிருக்கு."

"என் சின்னப் பையனை ஏன்டி இழுக்கறே?" என்று மூலையிலிருந்து குரல் வரும். அவர் மாமியார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போன்களை எடுப்பதும் ரேடியோவைத் திருகுவதும் அவர் வேலை.

"இது மாமியார்," என்று பெல்ட்டக்கா டென்ஷன் உருளையை வரைவார். "எல்லாரையும் இழுத்துப் பிடிச்சு நிறுத்துறது இவங்கதான்."

"எந்த மாமியாரைச் சொல்றே?"

"பெல்ட்டு மாமியாரை, அத்தை."

"அது."

புதிய பெல்ட் ஏறியதும் டென்ஷன் வைப்பதுதான் வித்தை. போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். ஒவ்வொரு இறுக்கலுக்கும், பெல்ட் நீளமாக ஓடுகிற இடத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகிப் பார்ப்பார். கால் சுற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் திரும்பினால் தளர்வு. கால் சுற்றுக்கு முன்பே மறுத்தால் இறுக்கம், பேரிங்குகளின் ஆயுள் குறையும். "ரொம்ப இறுக்கினா உள்ளுக்குள்ள சாகும். ரொம்ப விட்டா ஊரைக் கூட்டும்," என்பார்.

நான் ஆலைகளில் சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிறவள். எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். பெல்ட்டைச் சுண்டினால் அதன் அதிர்வைக் கேட்டு டென்ஷன் சொல்கிற செயலி என் போனில் உண்டு. ஒரு முறை அவர் விரலால் வைத்த டென்ஷனை அதில் அளந்தேன். கையேட்டில் உள்ள எண்ணுக்கும் அதற்கும் இரண்டு புள்ளி வித்தியாசம். "பரவால்லையே, என் விரல் சொல்றதையே உன் போனும் சொல்லுது," என்றார். "என்ன, என் விரலுக்கு சார்ஜ் போட வேணாம்."

இவரை எனக்கு அறிமுகப்படுத்தியது அம்மா. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெல்ட்டக்காவின் மாமியாருக்கு ரத்தம் எடுக்கப் போனவள், பேசிக்கொண்டே இருந்துவிட்டு, இஞ்சின் ஆறிய பிறகு காரைக் கிளப்பியிருக்கிறாள். பெல்ட்டக்கா வாசலுக்கு ஓடி வந்து, "ஊசியம்மா, உங்க பெல்ட்டு கத்துது," என்றிருக்கிறார். ஊசியம்மா என்ற பெயரும் அன்றே வந்தது. அதிலிருந்து இரண்டு வருடம் சண்டை. ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க என்று அம்மா எல்லாவற்றுக்கும் போவாள், பெல்ட்டை மட்டும் தொட விடமாட்டாள். பெல்ட்டக்கா கையை நீட்டச் சொன்னால், "முதல்ல நீ நீட்டு, உனக்குச் சர்க்கரை பாக்கணும்," என்பாள். இரண்டு பேரும் கையை மடக்கிக்கொண்டு முறைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சத்தம் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் வரும். ஏழு வினாடி. காலை ஆறரைக்கு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தெரு முழுக்கக் கேட்கும். நான் படுக்கையில் இருப்பேன். சரி செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, "கத்தட்டும். நான் போறேன்னு உனக்குத் தெரிய வேணாமா?" என்றாள்.

ஐந்து மாதத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். பேட்டரி இறங்காமல் இருக்க நான் தினமும் காரைக் கிளப்பினேன். ஆறரைக்கு.

போன மாதம் பானட்டைத் திறந்தபோது பெல்ட்டில் விரலகலத்துக்கு ஐந்து வெடிப்பு எண்ணினேன். இனி ஓட்டினால் அறுந்துவிடும். ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"மாத்துங்கக்கா," என்றேன். "ஆனா டென்ஷனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

"எவ்வளவு?"

"காலைல கிளப்பும்போது கொஞ்சமா கத்துற அளவுக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்தக் கூடாதுன்னுதான் எல்லாரும் வருவாங்க."

"பேரிங்குக்கு பாரம் குறையும்ல."

"படிச்ச பொய்," என்றார். பிறகு ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என் கொட்டகையிலருந்து ஒரு வண்டியும் அழுதுகிட்டு வெளிய போனதில்ல பாப்பா. ஊசியம்மா வண்டி ஒண்ணுதான் ரெண்டு வருஷமா என் மானத்தை வாங்குச்சு. தொளதொளன்னு விட்டா வழுக்கும், சூடாகும், ஒரு நாள் அறுந்துரும். தண்ணி பம்ப் நிக்கும், நடுரோட்டுல நீ நிப்பே. அப்புறம் உங்கம்மா என் கனவுல வந்து ஊசி போடுவாங்க. கையை நீட்டு."

நீட்டினேன். அம்மா நரம்பு தேடுகிற இடத்திலிருந்து தொடங்கினார்.

நாற்பது நிமிடத்தில் பெல்ட் மாறியது. கால் சுற்று, ஒரு மயிரிழை கூட விட்டுக்கொடுக்கவில்லை. புது பெல்ட் ஓடி உட்கார்ந்த பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுக் காலையில் வா என்றார். அது கையேட்டிலும் உண்டு. நான் வாதாடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. சாவியை என்னிடம் நீட்டி, "நீயே கிளப்பு," என்றார். மாமியாரைப் பார்த்து, "அத்தை, ரேடியோவைக் குறைங்க. சத்தமில்லாத சத்தத்தைக் கேக்கணும்."

கிளப்பினேன்.

கீச்சென்று கத்தியது. ஏழு வினாடியும் கத்தியது. அடுத்த தெருவில் நாய் குரைத்தது.

பெல்ட்டக்கா குனிந்து பானட்டுக்குள் தலையை விட்டார். முதலில் பேசியது மாமியார்தான். "யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீ யானைகூட இல்லையேடி."

"சும்மா இருங்க அத்தை!" இஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு அவசரமாக பெல்ட்டைப் பிடித்துத் திருகினார். கால் சுற்று. மறுபடி திருகினார். கால் சுற்றேதான். "குளிர்ந்தாத்தான் கத்தும். முதல்ல ஆறட்டும்," என்றார். மின்விசிறியை இழுத்து வந்து இஞ்சின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அது ஆறும் வரை சுவரிலிருந்த பெல்ட்டுகளை வரிசை மாற்றினார். ஏற்கெனவே சரியாக இருந்த வரிசை. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி கிளப்பச் சொன்னார். கத்தத் தொடங்கியதும் குவளைத் தண்ணீரை வீசினார்.

நிற்கவில்லை. கூடவில்லை. கத்துகிறபடியே கத்தியது.

இரண்டு வருடத்தில் இந்த ஒரு காருக்கு மட்டும் அவர் தண்ணீர் வீசியதே இல்லை. வாசலில் நின்று காதாலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். "ஊசியம்மா ஒரு தடவை சொன்னாங்க," என்றார் மெல்ல. "பெல்ட்டு மாதிரி தெரியலம்மா, வேற ஏதோன்னு. நான் சிரிச்சேன். ரத்தம் எடுக்கிறவங்களுக்கு பெல்ட்டப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன்."

பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுழற்றினார். டைனமோ சத்தமில்லை. தண்ணீர் பம்ப் சத்தமில்லை. சும்மா சுற்றுகிற சின்ன உருளையைத் தொட்டதும், கீச்.

உருளைக்குள் இருந்த பேரிங் வறண்டிருக்கிறது. குளிரில் கத்தும், சூடேறினால் மசகு இளகி அடங்கும். இதைப் போன்ற சத்தத்துக்கு நான் வருடத்துக்கு இருநூறு அறிக்கை எழுதுகிறேன். வீட்டு வாசலில் இரண்டு வருடம் கேட்டதற்கு ஒன்றும் எழுதவில்லை. அதை நான் வேலையாகக் கேட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மாமியாரும் சேர்ந்துகொண்டார். "சின்னவன்தான்னு நான் சொல்லலையா?" அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"சிரி, சிரி," என்றார் பெல்ட்டக்கா. "ஊசியம்மா மேலருந்து சிரிக்கிறது பத்தாதுன்னு நீ வேற."

சிரிப்பு அடங்கியதும், "அப்போ அதை அப்படியே விட்டுடலாமே," என்றேன். "பெல்ட் புதுசு. டென்ஷன் சரி. உங்க வேலையில குத்தமில்ல."

அவர் உருளையை மறுபடி சுழற்றினார். பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். ஆட்டம் இருந்தது. "நீ சொல்லு," என்றார். "உன் ஆலையில இருந்தா என்ன எழுதுவே?"

உடனே நிறுத்தி மாற்றவும் என்று எழுதுவேன். இறுகிப்போனால் பெல்ட்டைத் தள்ளிவிடும். தண்ணீர் பம்ப் நிற்கும். எல்லாம் தெரியும். வாசலில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. மாமியார் எழுந்து போய் அந்தக் கார்க்காரரைக் காத்திருக்கச் சொன்னார்.

"மாத்துங்க," என்றேன்.

புது உருளையைப் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். டென்ஷன் வைத்தார், திருகினார், கிளப்பச் சொன்னார். இஞ்சின் ஓடுவது மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பழைய உருளையை மண்ணெண்ணெயில் கழுவி, துளையில் ஒரு போல்ட்டை நுழைத்து, மறுபக்கம் நட்டை முடுக்கினார். போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் உருளையைச் சுண்டினார். மெல்லிசாக, ஆனால் அதே குரலில் கத்தியது.

அவர் முகம் சுளித்தது. கை தன்பாட்டில் திருப்புளியை எடுத்து பேரிங்கின் தூசு மூடியைக் கிளப்பியது. ஆள்காட்டி விரல் கிரீஸ் டப்பாவுக்குள் போய் ஒரு வழிப்பு எடுத்துக்கொண்டு வந்தது. பேரிங்குக்கு ஒரு நூல் தூரத்தில் விரல் நின்றது. கிரீஸைத் தன் பேன்ட்டில் துடைத்துவிட்டு, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, உருளையை என் கையில் வைத்தார்.