வீங்காத கால்

போன வாரம் பெரிய வியாழன். இயேசு செய்ததுபோல எங்கள் மாதா கோயில் சாமியார் பன்னிரண்டு பேரைச் சீடர்களாக உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன்! யாரைக் கேட்டு உன்னைச் சேர்த்தார்கள் என்கிறீர்களா? என் மனைவி ஆரோக்கியமேரி கேட்டது அதைவிட மோசம். "யூதாசுக்கு ஆள் கெடைக்கலீங்களாமா?"

கேட்டாளே தவிர, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொம்மிடியில் அவள் போய்ச் சொல்லாத வீடு பாக்கியில்லை. தருமபுரியிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வேறு வருகிறதாம் — என் காலைப் பார்க்க!

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊர் வழக்கப்படி சீடர்கள் எல்லோரும் வலது காலைத்தான் நீட்ட வேண்டும். என் வலது முழங்காலும் கணுக்காலும் பல மாதமாக வீங்கிக் கிடக்கின்றன. ஈ உட்கார்ந்தாலே உயிர் போகும். சாமியார் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்தால்... பீடத்துக்கு முன்னால் நான் போடும் கூச்சலில் பாட்டுக் குழுவே ஓடிவிடும்.

இடது காலை நீட்டலாமே?

அது சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிய கால். உங்களுக்கே இன்றுதான் சொல்கிறேன். நான் சாய்ந்து சாய்ந்து நடப்பது ஊருக்குத் தெரியும். அதுவரை அந்தக் காலை ஊர் பார்த்ததில்லை. கொளுத்தும் சித்திரையிலும் முழு பேன்ட்தான். கல்யாணத்தன்று கட்டிய வேட்டிகூட தரையைக் கூட்டிக்கொண்டுதான் வந்தது. ஆக, வலது காலைக் கொடுத்தால் வலி, இடது காலைக் கொடுத்தால் மானம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால் ஆரோக்கியமேரியின் முகம்!

வைத்தியம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாளே! தினமும் தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்தாள் — இடது காலில். வீங்கியிருப்பது வலது பக்கம் என்று நான் சொன்னால், சீக்கு எப்போதும் நோஞ்சான் காலில்தான் ஆரம்பிக்கும் என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

அவள் மட்டுமா? தருமபுரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எக்ஸ்ரே எடுப்பவர் என் நடையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இடது முழங்காலைப் படம் எடுத்துவிட்டார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு சுத்தமாக இருக்கிறதே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்றார்!

மறுபடி போய் வலது முழங்காலையும் எடுத்து வந்தேன். அது அரித்துப் போயிருந்தது. என் இரண்டு கைகளும் அதே வீக்கம்தான். இடது கால் மட்டும் தப்பித்திருக்கிறது. அவ்வளவுதான், டாக்டருக்கு வந்ததே குஷி! பக்கத்து அறை டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டுகள் சுற்றி நின்று என் சூம்பிய காலை ரசித்தன ஐயா, ரசித்தன! என் முகத்தைக்கூட இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ரத்தத்துல காவலுக்கு இருக்கிற வெள்ளை அணுங்க, ஆள் தெரியாம உங்க மூட்டுகளையே கடிக்குதுங்க. அதுங்களைக் கூப்பிட்டு உசுப்பி விடறதுல நரம்புக்கும் பங்கு இருக்கும்போல. இந்தக் கால்ல போலியோ நரம்பைக் கெடுத்துடுச்சு. உசுப்பி விட ஆளில்லைங்க" என்றார் டாக்டர்.

புரிந்துவிட்டது. தெருச் சண்டையில் பின்னால் நின்று "விடாதே, போடு!" என்று ஏற்றிவிடுவானே ஒருத்தன், அவன்தான் நரம்பு. அவன் ஊரில் இல்லையென்றால் சண்டை பிசுபிசுத்துவிடும். நரம்பு நடக்க வைப்பதற்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், கலகமும் மூட்டுமாம்!

அப்படியானால் வலது கால் நரம்பையும் கொஞ்சம் கெடுத்துவிடலாமே என்று யோசனை சொன்னேன். அப்புறம் எதில் நடப்பீர்கள் என்று சிரித்தார். முழு விவரம் இன்னும் யாருக்கும் தெரியாது, ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பெரிய வியாழன் வந்தது. வரிசையில் உட்கார்ந்தேன். பதினொரு வலது கால்கள் தயார். சாமியார் செம்போடு என் முன்னால் மண்டியிட்டார். குனிந்து, இடது பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காலை நீட்டினேன். சாமியார் மெல்ல, வலது கால் என்று ஞாபகப்படுத்தினார்.

"அது வீங்கிக் கெடக்குதுங்க சாமி. இதுதாங்க என் நல்ல கால்."

சொல்லிவிட்டேன்! தண்ணீர் ஜில்லென்று விழுந்தது. வெட்கப்படுவேன் என்று நினைத்தேன், கர்வம்தான் வந்தது. அடுத்து உட்கார்ந்திருந்த தக்காளி வியாபாரி என் காலைப் பார்த்தார். முறை மாறிவிட்டது போலிருக்கிறது என்று சட்டென்று தன் இடது காலை நீட்டினார். அவருக்கு அடுத்தவரும்... கடைசி சீடர் வரை இடது கால்தான்! பெண்கள் பக்கம் ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணையும் அதே முந்தானையால்தான் துடைத்துக்கொண்டாள்.

நேற்று டெய்லரிடம் போய் அரை டிராயர் தைக்க அளவு கொடுத்து வந்தேன் — நல்ல கால் தெரிகிற மாதிரி.