கையடக்கப் பெட்டியும் எங்கள் மேனேஜரும்

வங்காளத்தில் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில், கப்பல் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தது. எங்களுக்கெல்லாம் மின்விசிறி, அதற்கு மட்டும் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் போகவேண்டும். நம் ஊர் ஆயுத பூஜை மாதிரியான விசுவகர்மா பூஜையன்று ஃபிளாப்பி நுழைக்கும் இடத்துக்குச் சற்று மேலே குங்குமம் வைத்து, செம்பருத்தி மாலையும் போட்டார்கள்.

எங்கள் மேனேஜர் திருச்சிக்காரர். அலுவலகத்தில் அவரோடு தமிழ் பேச என்னை விட்டால் ஆளில்லை. அதனால் மற்றவர்களிடம் சொல்லமுடியாத மனக்குறைகளெல்லாம் என் மேசைக்கு வந்து சேரும்.

சில வருடங்களில் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றாகிவிட்டது. எல்லாம் ஆளுயர பீரோவின் தம்பிகள் மாதிரி இருக்கும். இன்னும் பத்து வருடம் போனபின் பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து, மேனேஜர்களுக்கு மட்டும் என்று சொல்லி, புது மாடல் ஒன்று வந்தது. மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்தார். தெர்மாகோல் வந்தது. மேலும் தெர்மாகோல் வந்தது. கடைசியில் டிபன் டப்பா அளவில் ஒன்று வந்தது. எங்கள் பியூன் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிவிட்டு, “பாக்கி எங்கே, தீதி?” என்று என்னிடம் கேட்டான். அங்கே அக்காவைத் தீதி என்பார்கள்.

மேனேஜருக்கு ஒரு வாரம் பெருமை தாங்கவில்லை. பிறகு டார்ஜிலிங் பக்கத்திலிருந்து தேயிலை ஏற்றுமதி செய்பவர் ஒருவர் வந்தார். எங்கள் அலுவலகத்தில் நுழைந்ததும் கணக்குப் பிரிவு. அதைத் தாண்டித்தான் மேனேஜரும் நானும் இருந்த உள் அறை. வந்தவர் கணக்கர் மேசையில் நின்ற பெரிய சிபியுவைப் பார்த்தார். கணக்கரையே மேனேஜர் என்று எண்ணி, உட்கார்ந்து தன் குறைகளையெல்லாம் கொட்டிவிட்டு, கைகுலுக்கி விட்டுப் போய்விட்டார்.

“பாத்தீங்களாம்மா?” என்றார் மேனேஜர். “அவர்கிட்ட இருக்கறது அலமாரி. என்கிட்ட இருக்கறது ஊறுகாய் ஜாடி. வர்றவன் யாரைக் கும்பிடுவான்?”

“உங்களோடதுதான் சார் விலை ஜாஸ்தி.”

“அதுக்காக விலையை எழுதி அதுமேல ஒட்டவா முடியும்?”

அவர் பம்பாய்க்கு எழுதினார். கம்ப்யூட்டரின் அளவு தமக்குத் திருப்தியாக இல்லை என்று நாசூக்காகக் குறிப்பிட்டார். பம்பாய்க்காரர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டார்கள். இதைவிடச் சிறியது விரைவில் வருகிறது, பொறுத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

சொன்னபடியே வந்தது. தடிமனான ஒரு புத்தகம் அளவு. அதையும் மானிட்டரின் முதுகில் திருகி வைத்துவிட்டுப் போனார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டரே இல்லை. அந்த வருட விசுவகர்மா பூஜைக்கு வந்த புரோகிதர் கணக்குப் பிரிவில் சிபியு சிபியுவாகப் பூ வைத்துக்கொண்டே உள் அறைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்தார். டெலிபோனுக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது மேனேஜருக்கு மிகவும் உறைத்துவிட்டது. மறுநாளே கோடவுனிலிருந்து ஒரு பழைய சிபியுவைத் தூக்கிவரச் செய்தார். சாந்தினி மார்க்கெட்டிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். பழையதன் குடலையெல்லாம் உருவிவிட்டு, வெற்றுக் கூட்டுக்குள் புதிய குட்டியை வைக்கவேண்டும், முன்னால் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியவேண்டும், ஃபேன் சத்தம் கேட்கவேண்டும் என்றார் மேனேஜர்.

“எல்லாரும் சின்னதாக்கத்தான் கூப்பிடுவாங்க தாதா,” என்றார் மெக்கானிக், அண்ணன் என்கிற மரியாதையோடு, வங்காள மொழியில். “பெரிசாக்கக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்.”

மேனேஜர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

இதற்குள் கணக்குப் பிரிவுக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மேசையில் சாப்பாட்டு டப்பா வைக்க இடம் கிடைத்தது, செடி வைக்க இடம் கிடைத்தது. அந்தக் காலி இடம் பம்பாய்க்கும் தெரிந்தது. டேப்பும் கையுமாக ஒரு இளைஞர் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் சுருங்கிவிட்டது, மேசை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது அவர் வாதம். மேசை பாதியானால் கூடமும் பாதி போதும்.

அளந்துகொண்டே எங்கள் அறைக்குள் வந்தவர், விளக்கு மினுங்க உறுமிக்கொண்டிருந்த சிபியுவைக் கண்டு நின்றார்.

“வாட் இஸ் திஸ்?”

மேனேஜர் கண்ணிமைக்கவில்லை. கிளையின் முக்கிய மெஷின் இதுதான், சூடு அதிகம், நாலா பக்கமும் காற்றோட்டம் வேண்டும், இத்தனை கிட்டே நிற்பதுகூட நல்லதல்ல என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இளைஞர் இரண்டடி பின்வாங்கி, டேப்பைச் சுருட்டிக்கொண்டார். எங்கள் அறை தப்பியது.

அவர் போனதும் மேனேஜர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “நான் ஏதோ கௌரவத்துக்காகப் பண்ணினேம்மா,” என்றார். “அது சோறு போடும்னு நினைக்கலை.”

கணக்குப் பிரிவின் கூடத்தில் பாதியை பிளைவுட் தட்டியால் தடுத்து ஒரு கூரியர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். மிச்சப் பாதியில் முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து எழுதினார்கள். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்த இடத்தில் ஒரு சாண்கூட எங்களில் யாருக்கும் வரவில்லை. கம்ப்யூட்டரை இன்னும் சின்னதாக்கலாமா என்று யாராவது பேச ஆரம்பித்தால், நான் முதலில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன்.

செடியை வீட்டுக்கு எடுத்துப்போன கணக்கர், ஒரு மத்தியானம் மீன்குழம்பு டப்பாவோடு எங்கள் அறை வாசலில் தயங்கி நின்றார்.

“தீதி, உள்ளே ஒரு ஓரமா உக்காந்து சாப்பிடலாமா? அங்கே டப்பாவைத் திறந்தா பக்கத்துக்காரர் தட்டுல மூடி விழுது.”

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர். இருந்தும் தன் பெரிய மேசையின் ஒரு முனையிலிருந்த ஃபைல்களைத் தானே ஒதுக்கி, ஜன்னலைத் திறந்துவைத்தார். “டப்பாவை மட்டும் சிபியு மேல வெக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா,” என்றார் என்னிடம் தமிழில்.