மூன்று சோழிக்கு விற்ற பிள்ளை

என் மாமனார் பேரை நான் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பேரைத்தான் வைக்க வேண்டும் என்பதும் வழக்கம். அதனால் பெற்றவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. ராசா, ஐயா என்று எதையாவது சொல்லிச் சமாளிப்போம்.

முதல் பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்தோம். நாற்பது நாள் இருந்தான். இரண்டாவதுக்கும் அதே பேர். அவன் இரண்டு மாதம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாமவன் கல்கத்தாவில், டாக்குரியாவில் பிறந்தான். அப்போது அங்கே ஏரி வெட்டவில்லை. குளமும் மூங்கிலும் ரயில் தடமும்தான். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் மூட்டை எடை போடும் வேலை. ஊரிலிருந்து மாமனார் கார்டு போட்டார். பேரனுக்குத் தன் பேரை வைக்க வேண்டும், இரண்டு மாதத்தில் நேரில் வந்து பார்ப்பேன் என்று எழுதியிருந்தார்.

நான் மாட்டேன் என்றேன். கல்யாணமாகி முதல் தடவை சொன்ன மாட்டேன்.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்கதான்."

"அதுக்குக் கங்கையில குதிச்சிடலாம்."

ஆனால் வற்புறுத்தவில்லை. அவருக்கும் பயம் இருந்தது. சாயங்காலம் வரும்போதெல்லாம் துறைமுகத்தில் கேட்ட ஒரு பேரோடு வருவார். பர்மாக்காரர்கள் பிறந்த கிழமை பார்த்துத்தான் பேருக்கு எழுத்து எடுப்பார்களாம். கப்பலில் கரி அள்ளுகிற ஒருவன் பேர் ஜுமா. வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். அவன் ஊர் ஆப்பிரிக்காப் பக்கம். ஒருநாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து சொன்னார்: "நம்ம கிடங்குத் துரை மகனுக்குத் தன் பேரையே வச்சிருக்கான். அப்பனும் உயிரோட இருக்கான், மகனும் அதே பேரு. அந்தம்மா கூப்பிட்டா யாரு போவா?"

"யாருக்குப் பசிக்குதோ அவன் போவான்" என்றேன். சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

துறைமுகத்துச் சீனத் தச்சன் ஒருவன் சொன்னதாக அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது. அவன் மகன் பேர் நாய். "நாய்னு கூப்பிட்டா எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டானாம்" என்றார் வீட்டுக்காரர்.

அதைப் பக்கத்து வீட்டு மாசிமாவிடம் சொன்னேன். மாசிமா என்றால் வங்காளத்தில் சின்னம்மா. பிள்ளை இல்லாத விதவை. என்னை பௌமா, அதாவது மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். போன இரண்டையும் சேர்த்து நான் அரைகுறை வங்காளத்தில் சொல்லி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கா இத்தனை நாள் அழுதே? பிள்ளையை எனக்கு வித்துடு. உன் பிள்ளையைத்தானே எமன் தேடுறான்? உன்கிட்ட பிள்ளையே இல்லேன்னா?"

அவர்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியம். மறுநாள் காலை வந்தாள். என் கையில் மூன்று சோழி வைத்தாள். இது என் பிள்ளை இல்லை என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் முணுமுணுத்தேன். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு தன் வீட்டு வாசல் வரை போனாள். திரும்பி வந்து என் மடியில் போட்டாள்.

"என் பிள்ளைக்குப் பால் கொடு. பேர் தின்கொரி." மூன்று சோழி என்று அர்த்தம்.

அன்றிலிருந்து உடைமைக்காரி அவள். நான் காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு வெந்நீர் ஊற்றினால், "என் பிள்ளையை வேக வைக்கிறியா?" என்று ஓடி வருவாள். நல்லெண்ணெயா கடுகெண்ணெயா என்று சண்டை. கடுகெண்ணெய்தான் ஜெயித்தது. அவள் பிள்ளை, அவள் எண்ணெய்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டு வந்தேன். நாற்பது தாண்டியது. அறுபதும் தாண்டியது. அந்த வாரம் மாமனார் வந்தார்.

கால் கழுவி உட்கார்ந்தார். "பேரு வச்சாச்சா?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து மாசிமா உள்ளே வந்தாள். "தின்கொரி, வா" என்று தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"யாருடா இந்தம்மா? பிள்ளைய எங்க தூக்குறாங்க?"

"அவங்க பிள்ளைதாம்ப்பா. வித்துட்டோம்."

"என்னது?"

"மூணு சோழிக்கு."

வீட்டுக்காரர் நடந்ததைச் சொல்ல, முழுதும் கேட்டார். மாமனார் தன் மூக்கின் ஓரத்தைத் தடவினார். அங்கே ஒரு பழைய துளை இருந்தது. அன்றுதான் கவனித்தேன்.

"நீங்க பரவாயில்ல. மூணு சோழி வாங்கியிருக்கீங்க. என்னைய ஒரு முறம் தவிட்டுக்கு வித்தா எங்கம்மா. எனக்கு முன்னால நாலு போச்சு. மூக்கக் குத்தி, தெருக்கூட்டுறவ கையில குடுத்துத் தவிட்ட வாங்கினா. பத்து வயசு வரைக்கும் தவிடன்னுதான் கூப்பிட்டாங்க. இந்தப் பேரெல்லாம் பின்னால வச்சது."

"இத ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"பெரிய மனுசன் ஆயிட்டேன்ல. தவிட்டுக் கதைய எவன் சொல்லுவான்?"

அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அன்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டேன். "மாமா, உங்கள அப்புறம் திருப்பி வாங்கிட்டாங்களா?"

"எதக் குடுத்து வாங்குறது தாயி? தவிட்ட அன்னிக்கே மாடு தின்னுட்டுது. அதான் இன்னும் உசுரோட கிடக்கேன்." பிறகு, "அந்தச் சோழியப் பத்திரமா வை. யார் கேட்டாலும் திருப்பிக் குடுக்காத" என்றார்.

மாசிமாவிடமிருந்து பேரனைக் கேட்டு வாங்கினார். "ஏலே தின்கொரி" என்றார். அவன் அவர் வேட்டியை நனைத்தான்.

சோழி மூன்றும் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மாசிமா கேட்கவும் இல்லை.

நடக்க ஆரம்பித்ததும் அவன் குளத்துப் பக்கமே ஓடுவான். நான் வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கத்துவேன். அக்கரை வரைக்கும் கேட்கும். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தேவை இல்லாதபோதும் ஒன்றிரண்டு தடவை கூப்பிடுவேன்.

உடனே அடுத்த வீட்டு ஜன்னல் திறக்கும்.

"யார் அங்கே என் பிள்ளையை அதட்டுறது?"