ரிவர்ஸ் தொம்மிச்சன்

பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். உண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பெரிய பூசை முடிந்து பங்கு சனம் மொத்தமும் பார்த்து நிற்க, நிரூபித்துக் காட்டியவர் தெக்கேமுறி தொம்மிச்சன். அதற்கு முன்னால் அவர் வெறும் தொம்மிச்சன்தான். கடைப் பலகையில் மட்டும் ‘பைக் டாக்டர்’ என்று அவரே எழுதி வைத்திருந்தார். அந்தப் பட்டத்தை வாசித்தவர்கள் உண்டு, கூப்பிட்டவர்கள் இல்லை.

கடை என்றால் சீட் கவர் தைக்கிற கடை. பாலாவிலிருந்து ஈராட்டுப்பேட்டை போகிற ரோட்டில், மாதா கோயில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில். ஒரு தையல் மிஷின், நாலு சுருள் ரெக்ஸின், சுவரில் தொங்குகிற சைடு கண்ணாடிகள். சீட் கிழிந்தவன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போவான். தொம்மிச்சன் அதை உள்ளே உருட்டுவார், தைத்துவிட்டு வெளியே உருட்டுவார். இருபத்தைந்து வருஷம் இப்படியே போயிற்று. உருட்டிய வண்டியெல்லாம் ஓட்டிய வண்டிதான் என்று மனுஷன் ஒரு கட்டத்தில் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

உண்மை வேறு. தொண்ணூற்றொன்பதில் அவர் லைசன்ஸ் எடுத்தது எம்-எய்ட்டியில். அப்போது கேரளத்தில் டெஸ்டுக்கு அதுதான் வண்டி. ஆட்டுக்குட்டி மாதிரி சின்னதாக இருக்கும். கியர் இடது கைப்பிடியில். கிளச்சைப் பிடித்து, மணிக்கட்டைத் திருகினால் கியர் விழுந்துவிடும். கியர் போடக் காலே வேண்டாம். அதில் கம்பிகளுக்கு நடுவே கால் ஊன்றாமல் ஒரு எட்டுப் போட்டுவிட்டால் போதும், ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படி எடுத்தவர்கள்தான். எடுத்த பிறகு நாலு பேரிடம் கெஞ்சி பைக் வாங்கி, விழுந்து முட்டியைத் தேய்த்து, காலால் கியர் போடக் கற்றுக்கொண்டார்கள். தொம்மிச்சன் கற்றுக்கொள்ளவில்லை. விழுந்தால் சிரிப்பார்களே என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். அடுத்த வருஷம் வெட்கம் வளர்ந்துவிட்டது. அதை மூட வாயை வளர்த்தார்.

அவர் ஓட்டுவது கியரில்லாத ஸ்கூட்டர். ஏன் என்று கேட்டால் முதுகைத் தொட்டுக் காட்டுவார்.

“ஓட்டாத வண்டியா மோனே? ஓட்டி ஓட்டித்தான் எலும்பு தேஞ்சுது.”

இந்த முதுகை வைத்துக்கொண்டுதான் ஊருக்கே வண்டி தேர்ந்து கொடுத்தார். சின்ன வண்டி என்றாலே அவருக்கு உதடு பிதுங்கும். வேதபாடம் நடத்துகிற சாக்கோ சாருக்கு, பாவம் தீக்குச்சி மாதிரி மனுஷர், எருமை கனத்துக்கு ஒரு வண்டியை வாங்க வைத்தார். சார் அதை ஸ்டாண்ட் போட இரண்டு மாணவர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் மாதம் விற்றுவிட்டார்.

“சாருக்கு வண்டிய மதிக்கத் தெரியல,” என்றார் தொம்மிச்சன்.

பிறகு அரசாங்கம் எம்-எய்ட்டியை டெஸ்டிலிருந்து தூக்கியது. காலால் கியர் போடுகிற பைக்கில்தான் இனி எட்டு. செய்தி வந்த அன்று டீக்கடையில் முதல் ஆளாகப் பேப்பரைத் தட்டியவர் யார் என்கிறீர்கள்?

“நல்ல காரியம். எம்-எய்ட்டில லைசன்ஸ் எடுத்தவனெல்லாம் டிரைவராடா? வெட்கமில்லாத பயலுக.”

டீக்கடைக்காரன்கூடத் தலையாட்டினான். அவனும் எம்-எய்ட்டி லைசன்ஸ்தான், ஆனால் அவனுக்குக் காலால் கியர் போடத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஜிஸ்மோளுக்கு வேலை கிடைத்தது. தொம்மிச்சனின் தம்பி ஷாஜனின் மகள், பத்தொன்பது வயது. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. பாலாவில் ஒரு லேபில், காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. போகிற வீடெல்லாம் மலை மேல். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் ஏற்றங்களில் ஸ்கூட்டர் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும் என்பதால், கியர் வண்டியும் லைசன்ஸும் இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டுகிற ஷாஜன் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

“அச்சாயன் சொல்ற வண்டிய எடுங்க.”

அவன் ஊரை விட்டுப் போய் பதினெட்டு வருஷம். அண்ணனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் போனில் சொன்னதுதான்.

அச்சாயன் அன்றைக்கே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். கப்பைக் கிழங்கும் மீன்கறியும் வைக்கிற வரைக்கும் பேசவில்லை. வைத்த பிறகு நிறுத்தவில்லை.

“முன்னூத்தம்பது சிசி. அதுக்குக் கீழ எடுத்தா நம்ம குடும்பத்துக்குக் கேவலம்,” என்றார் கப்பையைப் பிய்த்துக்கொண்டே.

“பேரப்பா, நான் நூத்திப்பத்து பாத்து வச்சிருக்கேன். உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படுது. கீழ விழுந்தா நானே தூக்கிடுவேன்,” என்றாள் ஜிஸ்மோள். அப்பாவின் அண்ணனை அவள் பேரப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“வாங்கறதுக்கு முன்னாலயே விழறதப் பத்திப் பேசுறா பாரு, லில்லிக்குட்டி.”

லில்லிக்குட்டி அவள் அம்மா. தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

“பழகறவ விழாம பழகுவாளா அச்சாயா?”

“நான் விழுந்திருக்கேனா? ஒரு தடவ? யாராவது பாத்திருக்கீங்களா?”

அது உண்மை. யாரும் பார்த்ததில்லை.

“அந்த நூத்திப்பத்து மீன்காரன் வண்டி. பின்னால ஒரு பெட்டியக் கட்டிக்கிட்டுக் கூவிக்கிட்டே போ. பெரிய வண்டின்னா ரோட்டுல மதிப்பான்.”

“எனக்கு ரோட்டுல மதிப்பு வேணாம் பேரப்பா. ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்கணும், கையில ஐஸ் பெட்டில ரத்தம் இருக்கும்.”

“நீ சின்னப்புள்ள. ஒனக்கு வண்டியோட மூச்சு தெரியாது.”

லில்லிக்குட்டிக்கு மகள் சொன்னதுதான் சரியென்று பட்டது. ஆனால் மஸ்கட்டிலிருந்து வந்த உத்தரவு அப்படி. சனிக்கிழமை மூன்று பேரும் பாலாவுக்குப் போனார்கள்.

ஷோரூமில் தொம்மிச்சன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் சீட்டையும் தட்டினார், ஒன்றின் டயரை உதைத்தார், ரெஜீஷ் என்கிற விற்பனைப் பையனிடம் இதற்குத் தையல் சரியில்லை என்றார். அந்த ஒன்று மட்டும் அவருக்கு நிஜமாகவே தெரிந்த விஷயம். கடைசியில் முன்னூற்றைம்பதின் பெட்ரோல் டேங்கில் கை வைத்தார்.

“இதான்.”

ஜிஸ்மோள் அதில் ஏறி உட்கார்ந்தாள். கால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. வண்டியை நேராக நிமிர்த்தப் பார்த்தாள், அது அவளைச் சாய்க்கப் பார்த்தது. ரெஜீஷ் ஓடி வந்து பிடித்தான்.

“ஓட்ட ஓட்டக் கால் எட்டும்,” என்றார் தொம்மிச்சன். பத்தொன்பது வயதில் ஓட்ட ஓட்டக் கால் வளரும் என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஜிஸ்மோள் இறங்கிச் சாவியை நீட்டினாள்.

“சரி பேரப்பா. நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. ஒங்களுக்குப் பிடிச்சா நான் இதையே எடுத்துக்கறேன்.”

முதுகைத் தொடக் கை போயிற்று. ஆனால் ரெஜீஷ் அதற்குள் டெஸ்ட் வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்தே நிறுத்திவிட்டான். லில்லிக்குட்டி வேறு பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொம்மிச்சன் ஏறினார். கிளச்சைப் பிடித்தார். இடது மணிக்கட்டு, தொண்ணூற்றொன்பதில் கற்றுக்கொண்டபடி, கைப்பிடியைத் திருகியது. கைப்பிடி அசையவில்லை. அவர் கிளச்சை விட்டு முறுக்கினார். வண்டி முற்றமே அதிர உறுமியது, ஒரு விரற்கடை நகரவில்லை. இன்னொரு தடவை திருகினார். இன்னொரு தடவை உறுமல். நியூட்ரலின் பச்சை விளக்கு அவர் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

“சத்தம் பாக்கறார்,” என்று ரெஜீஷ் மரியாதையாகச் சொன்னான்.

ஜிஸ்மோள் சத்தத்தைக் கேட்கவில்லை. அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி ஒருத்தியின் பைக்கில் இரண்டு வாரம் பழகியவள்; முதல் கியர் எங்கே இருக்கிறது என்று அவள் இடது காலுக்குத் தெரியும். அருகில் போய் சாவியைத் திருப்பி நிறுத்தினாள். குரலை இறக்கினாள்.

“எம்-எய்ட்டியா பேரப்பா?”

தொம்மிச்சனின் மீசைக்கு மேல் வியர்த்தது.

“மோளே, வெளியில சொல்லிடாத. கடை வாசல்ல நான் தலை காட்ட முடியாது.”

“நான் ஏன் சொல்றேன். நீங்க அம்மாட்ட நூத்திப்பத்து போதும்னு சொல்லுங்க.”

அவர் இறங்கி வந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“லில்லிக்குட்டி, மூச்சு சரியில்ல. நூத்திப்பத்தே எடுத்துடுவோம்.”

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் வெறும் தொம்மிச்சனாகவே இருந்திருப்பார். வாயை மூடுவது, காலால் கியர் போடுவதைவிட அவருக்குக் கஷ்டம்.

அடுத்த வாரம் வண்டி வந்தது. புது வண்டியென்றால் முதலில் பங்குச் சாமியாரான அச்சனிடம் மந்திரித்துத் தண்ணீர் தெளித்த பிறகுதான் ரோட்டில் இறக்குவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா சிலை இருக்கிற கெபிக்கு மேலே சரிவாக இருக்கிற கோயில் முற்றத்தில் ஜிஸ்மோள் வண்டியை மேட்டைப் பார்க்க நிறுத்தினாள். கண்ணாடியில் மல்லிகைச் சரம், முன்னால் சிவப்பு ‘எல்’. அச்சன் ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். சனம் கலையவில்லை, புது வண்டியென்றால் நாலு பேர் தடவிப் பார்க்காமல் போகமாட்டார்கள்.

“என்ன தொம்மிச்சா, சின்னதா எடுத்துட்டே?” என்று கேட்டார் குட்டப்பாயி. கோயில் மணி அடிக்கிறவர், எதையும் விடமாட்டார்.

ஒரு ‘ஆமா’ போதும். தொம்மிச்சன் சுற்றிலும் பார்த்தார். ஆள் நிறைய இருந்தது.

“நான் முன்னூத்தம்பதுல ஏறிப் பாத்தேன் குட்டப்பாயி. காத்தா போச்சு. இவளால அத நிமித்தக்கூட முடியல, பயந்து அழுதுட்டா. பொம்பளப் புள்ள, கியர் வண்டின்னதே அதிகம். சரி போ, பொம்மை வண்டி ஒண்ண எடுத்துக்கோன்னு நான்தான் விட்டுக் குடுத்தேன்.”

சிலர் சிரித்தார்கள். லில்லிக்குட்டி மகளைப் பார்த்தாள். ஜிஸ்மோள் கண்ணாடியிலிருந்து மல்லிகைச் சரத்தைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். சாவியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி நீட்டினாள்.

“பேரப்பா, மொத ரவுண்டு நீங்க. ஒங்க ராசி நல்ல ராசி.”

“எனக்கு முதுகு...”

“போன வாரம் காத்தா போச்சுன்னு இப்பதான சொன்னீங்க?”

“ஏறும் தொம்மிச்சா. பொம்மை வண்டிதான,” என்றார் அச்சன்.

அச்சன் சொன்ன பிறகு தப்பிக்க வழியில்லை. தொம்மிச்சன் ஏறினார், ஸ்டாண்டைத் தட்டினார், பட்டனை அழுத்தினார். கிளச்சைப் பிடித்து மணிக்கட்டைத் திருகி, மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிவிட்டு முறுக்கினார்.

என்ஜின் முன்னால் போகிற மாதிரி உறுமியது. வண்டி பின்னால் போயிற்று.

முதலில் மெதுவாக. தொம்மிச்சன் இன்னும் முறுக்கினார். சத்தம் ஏற ஏறச் சரிவும் ஏறியது. நெஞ்சை நிமிர்த்தி, கண் நேராக, ஊர்வலத்தில் போகிற மாதிரி மனுஷன் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். சனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பிரேக் என்று ஒன்று இருப்பது வலது காலுக்கும் தெரியும், வலது கைக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டும் சொல்லவில்லை. கெபியைச் சுற்றி நட்டிருந்த செம்பருத்தி வேலியில் போய்ப் பின்சக்கரம் செருகி, வண்டி மெதுவாகச் சாய்ந்தது. தொம்மிச்சனும் கூடவே சாய்ந்தார். அப்போதும் கை முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

ஜிஸ்மோள் இறங்கிப் போனாள். சாவியைத் திருப்பினாள். முழங்காலை மடக்கி, ஹேண்டிலைப் பிடித்து, தனியாகவே வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகுதான் பேரப்பனைப் பார்த்தாள்.

“பச்ச லைட்டு எரிஞ்சா நியூட்ரல் பேரப்பா. கியர் கீழ இருக்கு, கால்ட்ட.”

குட்டப்பாயிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“எனக்கு வயசு அறுபத்தெட்டு. பைக்குல ரிவர்ஸ் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்.”

பிறகு சிரித்த சிரிப்பு கீழே தொம்மிச்சனின் கடை வரைக்கும் கேட்டது என்பார்கள். அச்சன் ஜெபப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். சாக்கோ சார் மட்டும் சிரிக்கவில்லை. வேலிக்குப் பக்கத்தில் வந்து, விழுந்தவரைக் கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தார்.

“வண்டிய மதிக்கத் தெரியணும் தொம்மிச்சா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது, பலகையில் ‘பைக் டாக்டர்’ என்பதற்குப் பக்கத்தில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் ‘பின்பக்க வழி’ என்று எழுதியிருந்தார்கள். அழித்தார். மறுநாள் திரும்பவும் இருந்தது. இப்போது அழிப்பதில்லை. யோசனை சொல்வதையும் விடவில்லை, காருக்கு மாறிவிட்டார். எந்தக் கார் எடுக்கலாம் என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்கிறார். கார் லைசன்ஸ் அவருக்குக் கிடையவே கிடையாது.

டெஸ்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜிஸ்மோள் கடை வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். பழகுகிறவள் பின்னால் லைசன்ஸ் உள்ள ஆள் ஒன்று உட்கார வேண்டும். ஊரில் இருக்கிற குடும்பத்தில் அது இருப்பது ஒருவரிடம்தான்.

தொம்மிச்சன் வெளியே வந்தார். எதிர் டீக்கடையைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்.

“நான் எதுக்கு மோளே? எனக்கு என்ன தெரியும்னு...”

“லைசன்ஸ் கையில இருக்கா பேரப்பா?”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

“இருக்கு.”

“அது போதும். ஏறுங்க. வழியில ஒண்ணும் சொல்லாதீங்க.”

ஏறினார். அவள் இடது காலால் முதல் கியரைத் தட்டி, கோயில் ஏற்றத்தில் வண்டியை மேலே ஏற்றினாள். பின்னால் அந்த லைசன்ஸ் அட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது.