பன்னிரண்டு மணிப் பொட்டலம்

சாமுண்டீஸ்வரிக்குப் பெரிய படிப்பும் இல்லை, பெரிய பதவியும் இல்லை. ஃபேரர் பார்க்கில், ஊழியர்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுப்பவர். பிடோக்கிலிருந்து ரயிலேறி ஏழு மணிக்கெல்லாம் மேசைக்கு வந்துவிடுவார். அவர் காதில் விழாத வசவு சிங்கப்பூரிலேயே கிடையாது என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

வசவுக்குக் காரணம் ஒன்றுதான். கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் போகிற மூவாயிரம் மதியச் சாப்பாடும் விடியுமுன்பே சமைத்துக் கட்டப்படும். காலை ஐந்தரைக்கு ஊழியர்கள் தங்கும் விடுதி வாசலில் இறக்கிவிடுவார்கள். ஊழியர்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு லாரி ஏறி, வேலையிடத்தில் ஓர் ஓரமாக வைத்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிப்பார்கள். அதற்குள் சாம்பார் நுரைத்திருக்கும், கூட்டு ஊசிப்போயிருக்கும்.

முதலாளிகள் கெட்டவர்கள் இல்லை. ஒற்றை அடுப்போடு தொடங்கியவர் நடேசன். சமையலறை அவர் தங்கை ரஞ்சிதத்தின் கையில். புது ஆர்டர்களைப் பிடிப்பது மகன் ரித்திக். தினமும் மூவரில் ஒருவராவது அடுப்பருகே நின்று, சுடச்சுட உள்ளங்கையில் வாங்கி ருசி பார்க்காமல் ஒரு பொட்டலமும் வெளியே போகாது. நடேசனுக்கு அதில் அவ்வளவு பெருமை. அது உண்மையும்கூட. சிக்கலே அங்கேதான் இருந்தது. அடுப்படியில் ருசித்தவர்களுக்கு எந்தப் புகாரும் வீண்பழியாகவே பட்டது. அரிசியை மாற்றினார்கள், டப்பாவை மாற்றினார்கள். நேரத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்த நிலையில் ஜூரோங்கில் இரண்டாவது சமையலறைக்கு ஏற்பாடானது. மூவாயிரம் ஆறாயிரமாகும். புதன்கிழமை கையெழுத்து.

செவ்வாயன்று கப்பல் பட்டறையிலிருந்து தனசேகரன் அழைத்தான். மாதம் இரண்டு முறையாவது திட்டுகிறவன்.

"இன்னிக்குப் புகார் இல்லக்கா. சொல்லி என்ன ஆவப்போவுது? பிஸ்கட் வாங்கி வச்சுக்கிட்டோம். நீங்க சாப்டீங்களா?"

பதினோரு ஆண்டு வசவுக்கு அசையாதவர் அந்த விசாரிப்பில் ஆடிப்போனார்.

அன்றே ஓட்டுநர் யூசுப்பிடம் சொல்லிவைத்து, மறுநாள் ஐந்தரை மணிப் பொட்டலங்களில் நான்கை வாங்கி வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார். பன்னிரண்டு அடித்ததும், யாரும் கூப்பிடாமலே, கையெழுத்துக்காக முதலாளிகள் மூவரும் கூடியிருந்த அறைக்குள் போனார். ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு, நான்காவதோடு தானும் உட்கார்ந்தார்.

"அக்கா, மீட்டிங் நடக்குது லா. அப்புறம் பேசலாம்," என்றான் ரித்திக்.

"நம்ம சாப்பாடுதான் தம்பி. சாப்பிடுங்க."

நடேசன் பேனாவைக் கீழே வைத்தார். "சாமுண்டி, உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும்ணே. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு. ஆனா 'கிச்சன்ல சொல்லிட்டேன், நாளைக்குச் சரியாயிடும்'னு மூவாயிரம் பேருக்குப் பொய் சொன்ன வாய் இது. ஆறாயிரம் பேருக்குச் சொல்லாது. என்னை வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு அனுப்புங்க."

சொன்னவர் தன் பொட்டலத்தைப் பிரித்து, பிசைந்து, முதல் வாய் உண்டார். முகத்தைச் சுளிக்கவில்லை.

ரஞ்சிதம் பிரித்தார். வாசம் மூக்கில் ஏறியதுமே கை நின்றுவிட்டது. காலையில் நன்றாகத்தானே இருந்தது என்று முணுமுணுத்தார்.

"காலையில யாரும்மா சாப்பிடுறாங்க?" என்றார் சாமுண்டீஸ்வரி.

நடேசன் ஒரு கவளம் வாயில் போட்டார். விழுங்கவும் முடியவில்லை, மூன்று பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை. விழுங்கினார். அன்று பிற்பகல் அவரும் சாமுண்டீஸ்வரியும் கழிப்பறைக்கு மாறி மாறி ஓடியதை அலுவலகமே பார்த்தது. கையெழுத்து நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு திட்டத்துக்குக் கையெழுத்தானது. ஜூரோங் சமையலறையில் விடிந்தபின் சமைத்து, பட்டறைகளுக்குப் பதினொன்றரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். தனசேகரன் இப்போது உப்பு அதிகம் என்று திட்டுகிறான்.

சாமுண்டீஸ்வரிக்குப் பதவி உயரவில்லை. ரித்திக் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டுமானத் தளங்களுக்கு இன்னும் ஐந்தரை மணிப் பொட்டலம்தான் போகிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள்.

அதனால் புதன்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்கு நான்கு பொட்டலங்களோடு அவர் அந்த அறைக்குப் போகிறார். கதவு சாத்தியிருந்தால் தட்டுகிறார்.