மேற்கே சூலம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முசரவாக்கத்தில் என் அப்பா அடுத்தவர் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே வாழ்ந்து முடித்தார். மாடும் அவருடையதில்லை, வண்டியில் இருந்த நெல்லும் அவருடையதில்லை. நான் லாரியில் மூட்டை ஏற்றி, கிளீனராகி, டிரைவராகி, இன்றைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் சொந்த ஷெட்டில் ஆறு லாரி நிறுத்தியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து பட்டு நூல் நனையாமல் வர வேண்டுமென்றால் பிள்ளையார்பாளையத்தில் என் வண்டியைத்தான் கேட்பார்கள். வழியில் எங்கே நின்றாலும் ஒரு போன் போட்டால் மெக்கானிக் வந்து நிற்பான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், சம்பாதித்தது நான்தானே.

இந்தப் பங்குனியில் என் மகள் குடும்பம் அமெரிக்காவில் வீடு மாறியது. மாப்பிள்ளைக்கு வேலை மாறிவிட்டது. சிகாகோவிலிருந்து மேற்கே கடைக்கோடியில் ஒரிகன் வரைக்கும் போக வேண்டும். வாடகை லாரியில் சாமான்களை ஏற்றி, நான்கு வயதுப் பேத்தியையும் உட்கார வைத்துக்கொண்டு, தாங்களே ஓட்டிப் போவதாகச் சொன்னார்கள். லாரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை காலையில கிளம்பறோம் நைனா" என்றாள் மகள் போனில்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்மா. ஆவாது. சனிக்கிழமை கிளம்புங்க."

ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது. வெள்ளிக்கிழமை மேற்கே லோடு வண்டியை நான் அனுப்பியதே இல்லை. பெங்களூர் பார்ட்டி கத்தினாலும் அனுப்பமாட்டேன்.

"எந்த ஊரு வெள்ளிக்கிழமை நைனா? எங்களுக்கு விடியறப்போ உனக்கு சாயந்தரம் ஆயிடுது."

"வண்டி எங்க நிக்குதோ அந்த ஊரு கிழமை."

"வெல்லத்த வாயில போட்டுக்கினு கிளம்பினா சூலம் ஒண்ணும் பண்ணாதுன்னு அம்மா சொல்லுது. வெல்லம் எடுத்து வச்சிருக்கேன்."

"வெல்லம் பஸ்ல போறவங்களுக்கும்மா. லோடு வண்டிக்குச் செல்லாது."

மாப்பிள்ளை போனை வாங்கினார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி வழியில வயோமிங்ல பெரிய பனின்னு சொல்றாங்க மாமா. வெள்ளிக்கிழமை கிளம்பினா அதுக்குள்ள தாண்டிடலாம்."

"இங்கயும் டிவில தெனம் மழைன்றான் மாப்பிள்ளை. நான் ரோட்லயே கெடந்து முடி நரைச்சவன்."

சனிக்கிழமை கிளம்பினார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதை வீடியோவில் காட்டினார்கள். பேத்தி கை தட்டினாள்.

மறுநாள் நம்மூரில் விளக்கு வைக்கும் நேரத்தில், பாதி வழியில் இருக்கும் நெப்ராஸ்காவிலிருந்து மகள் கூப்பிட்டாள். ரோட்டோரத்தில் ஒரு மியூசியம். "இங்க பாரு நைனா, கூண்டு வண்டி! அந்தக் காலத்துல ஒரிகனுக்குக் குடியேறப் போனவங்களோடது!" நான்கு சக்கரம், மேலே வெள்ளைக் கித்தான்.

"குதிரை கட்டுவாங்களாம்மா?"

"மாடுதான் நைனா முக்காவாசி. புல்லு மேஞ்சிக்கினே போயிடும். வண்டி பூரா சாமான், ஜனங்க பக்கத்துல நடந்தே போவாங்களாம், மாசக் கணக்கா. நாங்க இப்ப வர்ற ரோடு அந்தத் தடத்தை ஒட்டித்தான் போவுது."

எனக்கு அப்பாவின் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. "எதுக்கு அவ்ளோ தூரம்?"

"நிலம் நைனா. கவர்மெண்டு பின்னால சட்டமே போட்டுச்சு. போய் வீடு கட்டி, உழுது, அஞ்சு வருஷம் இருந்தா நிலம் அவங்களுக்கே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் அப்ப இருந்திருந்தா பாதி தேசத்தை வளைச்சிருப்பேன்!"

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "க்கும், வளைச்சிருப்ப. அந்த நிலத்துல அதுக்கு முன்ன ஆளே இல்லியாமா? கேளு."

"இருந்தாங்கம்மா. அவங்க மண்ணுதான் அது. பட்டாளத்தை விட்டுத் தொரத்திட்டு, எங்கியோ ஒரு மூலையில ஒதுக்கிட்டாங்க."

மூலையில் ஒதுக்குவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் பிறந்த தெருவே அப்படி ஒதுக்கியதுதான். வண்டிக்குப் பக்கத்தில் நடந்தவனிடமும் என் அப்பா தெரிந்தார், துரத்தப்பட்டவனிடமும் அவரே தெரிந்தார். எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாமல், "எப்ப கிளம்புவாங்க?" என்று கேட்டேன்.

"புல்லு முளைக்கற வரைக்கும் ஆத்தங்கரையில காத்துக்கினு இருப்பாங்களாம். முன்னாடி போனா மாட்டுக்குத் தீனி இல்ல, லேட்டானா மலையில பனி பிடிச்சிக்கும்."

"பாத்தியா, அவனும் நேரம் பாத்துதான் கிளம்பியிருக்கான்."

"அவங்க பனியப் பாத்தாங்க மாமா" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

போனை வைப்பதற்கு முன் மகள் இன்னொன்றும் சொன்னாள். வழியில் யாராவது செத்தால் அந்தத் தடத்திலேயே புதைத்து, மேலே எல்லா வண்டியையும் ஓட்டிப் போவார்களாம். இடம் தெரிந்தால் ஓநாய் தோண்டிவிடும். "குழந்தை கேக்குது, போதும்" என்றாள் என் மனைவி.

திங்கட்கிழமை காலை ஷெட்டில் இருந்தேன், அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மகளுடைய வண்டி எங்கே போகிறதென்று என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்திருந்தாள். வயோமிங்கில் புள்ளி நின்றுவிட்டது. டீ குடிக்க நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"ரோட்டை மூடிட்டாங்க நைனா. முன்னாடி ஒரு லாரி கவுந்து கெடக்குது. பின்னாடியும் போவ முடியல. ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்குது."

"பக்கத்துல ஓட்டல், பெட்ரோல் பங்க்?"

"எதுவும் இல்ல நைனா. பெட்ரோலும் கொஞ்சம்தான். எஞ்சினை விட்டு விட்டு ஓட்றோம்."

"குழந்தையைத் தூக்கிக்கினு எறங்கி நடங்க!"

"நடந்தா செத்துடுவோம். வண்டியிலேயேதான் இருக்கணும். அவரு போய்ப் போய் சைலன்சர் மேல பனியை வாரித் தள்றாரு. மூடிக்கினா புகை உள்ள வந்துடும்."

போன் அறுந்தது. நான் திரும்பத் திரும்பப் போட்டேன். போகவில்லை.

வெளியே தார் உருகும் வெயில். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம், சாமி புறப்பாடு. கிருஷ்ணகிரியிலிருந்து நாக்பூர் வரைக்கும் எனக்குத் தெரியாத மெக்கானிக் இல்லை. போனில் உள்ள பெயர்களை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது? சைலன்சரைப் பற்றி எனக்கு என் மகள் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடுகூட வரவில்லை.

"மொதலாளி, வெரலால தள்ளினா நகருமா?" என்றார் என் பழைய டிரைவர். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷெட் பக்கமே வராத என் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்தாள். கேரியரைத் திறக்கவில்லை. "வெல்லத்தைத் தின்னுட்டுப் போவட்டும்னு சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு அந்தக் கூண்டு வண்டிகளே கண்ணில் வந்தன, ஒன்றன் பின் ஒன்றாக, புதைத்த மண்ணை அழுத்திக்கொண்டு.

பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிய பிறகு மகள் கூப்பிட்டாள். அங்கே விடிந்ததும் பனி தள்ளும் லாரி வந்து வழி போட்டதாம். யாரோ பெட்ரோல் கொடுத்தார்களாம். அந்த லாரிக்குப் பின்னாலேயே வரிசையாகப் போய் ஒரு ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம்.

"குழந்தைக்கு இன்னாடி குடுத்த?" என்று என் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அந்த வெல்லந்தாம்மா. நைனா வேணாம்னாரே, அது பையிலேயே கெடந்துச்சு. ராத்திரி பூரா அதைத்தான் சப்பிக்கினு இருந்தா."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை.

"நைனா, இங்க தங்கறதா, இப்பவே கிளம்பிடறதா? இன்னும் மலை இருக்குது."

திங்கட்கிழமை கிழக்கேதான் சூலம். மேற்கே தாராளமாகப் போகலாம். வாய் வரைக்கும் வந்தது. "மாப்பிள்ளைய கேளும்மா" என்றேன்.

"அவரு உன்னைக் கேக்கச் சொல்றாரு."

கிண்டலா, மரியாதையா, தெரியவில்லை. என் மனைவிதான் போனுக்குள் சொன்னாள்: "பனியப் பாத்துக் கிளம்புங்க."

அந்த ஊரிலேயே தங்கினார்கள். எப்போது கிளம்புகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் சாயந்தரம் ஷெட்டில் போனை எடுத்தபோது புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. என்ன கிழமை என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. புதன். வடக்கே சூலம். மேற்கே இல்லை என்று மூச்சு விட்டேன். படத்தில் ரோடு மேற்கே கொஞ்ச தூரம் போய், பிறகு வடக்கே வளைகிறது.

போனைக் காதுக்குக் கொண்டுபோனேன். இறக்கினேன். புள்ளி அந்த வளைவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.