முந்நூறு மீட்டர் பச்சை நரம்பு

என் கணவர் இறந்த ஒன்பதாம் நாள் அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று, "சார் நம்பருக்கு ஓ.டி.பி. போயிருக்கும், பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றார். அந்த போன் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. "அவர் இல்லீங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க" என்று உள்ளே போய் சார்ஜரில் போட்டு, அது விழிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நான்கு எண்களைப் படித்துச் சொன்னேன். "தேங்க்ஸ் மேடம், சாரை ரேட்டிங் போடச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உருளையில் கரும்பச்சை நரம்பு சுற்றியிருந்தது. தூண்டிலுக்குப் போடுவதைத்தான் எங்கள் பக்கம் நரம்பு என்போம். இது வழக்கமான கண்ணாடி நைலான் இல்லை. எட்டு மெல்லிய இழைகளைச் சடைபோலப் பின்னியது. பிரெய்டு என்பார் அவர். முந்நூறு மீட்டர். வீட்டில் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "என்னது அது?" என்றாள். "மீன் பிடிக்கிற சாமான்" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். நான் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன்.

நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில், இரண்டாவது மாடி. குழந்தைகள் இல்லை. அவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. விடிவதற்குள் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். எனக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனை லேபில் வேலை. ரத்தம் எடுப்பேன், இ.சி.ஜி. எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆளுயரத்துக்கு மேல் நீளமான தூண்டில் கம்பை மூன்று துண்டாகக் கழற்றி, பையில் போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கோவளம் போவார். கரையில் நின்று அலைக்கு அப்பால் ஈயக்குண்டை வீசுவது அவருக்குப் பிடித்த காரியம். நான் நான்கைந்து தடவைக்கு மேல் கூடப் போனதில்லை. மணலும் வெயிலும் காத்திருப்பதும் எனக்குச் சரிப்படவில்லை.

அவர் இறந்தது கம்பெனி பஸ்ஸில். காலை பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் போவார்கள். அவரும் ஜன்னலில் தலை சாய்த்திருந்திருக்கிறார். கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் இறங்கவில்லை. டிரைவர் வந்து தோளைத் தட்டியபோதுதான் தெரிந்திருக்கிறது.

பதினேழாம் நாள் நான் வேலைக்குப் போனேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. "உங்க கை ரொம்ப லேசும்மா, குத்துனதே தெரியலை" என்றார் ஒரு பெரியவர். சாப்பிட்டேன், தூங்கினேன், வங்கியில் நீட்டிய படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு தடித்து, நம்முடையது இல்லாத மாதிரி தொங்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. பார்ப்பவர்கள் எல்லோரும், "அழுதுடும்மா, மனசுல வெச்சுக்காதே" என்றார்கள். வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் என் நாத்தனார் வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. அனகாபுத்தூரில் இருக்கிறாள். துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் முப்பது தையல் மிஷின்களுக்கு சூப்பர்வைசர். சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து ஏரி, குளம் என்று தூண்டில் போட்டுத் திரிந்தவள், கல்யாணத்துக்கு அப்புறமும் எப்போதாவது அவரோடு கோவளம் போவாள். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அண்ணி, அண்ணனோட தூண்டில் சும்மாதானே கீது? நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. நாளைக்கு வா, தரேன்."

"இப்பவே எடுத்துக்கினு போறேனே."

"ரீல்ல நரம்பு இல்லை. சுத்தி வெக்கிறேன்."

அது உண்மைதான். பழைய நரம்பைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரே உருவி எறிந்திருந்தார், புதியது வரட்டும் என்று. வெறும் ரீலைக் கொடுத்தனுப்ப ஏனோ மனம் ஒப்பவில்லை.

அவர் எப்படிச் சுற்றுவார் என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பால்கனியில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருப்பார். நான் உள்ளே மதியத் தூக்கத்தில் இருப்பேன். போனில் ஒரு வீடியோவைப் பாதிவரை பார்த்தேன். நரம்பின் நுனியை ரீலின் உருளையில் முடிச்சுப் போட்டுச் சுற்றினால், உலோகம் வழவழவென்று இருப்பதால் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடி சுற்றுகிறது, நரம்பு ஏறவில்லை. லேபில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற வெள்ளை டேப் பையில் இருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து முடிச்சின் மேல் ஒட்டினேன். பிடித்துக்கொண்டது. நரம்பு இருந்த பிளாஸ்டிக் உருளையைத் தரையில் போட்டுவிட்டு வெறுமனே சுற்றினேன். அது கூடத்தில் துள்ளித் துள்ளி ஓடி சோபாவுக்கு அடியில் போனது. இழுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். முடித்தபோது ரீல் பச்சையாக, கொழுகொழுவென்று, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அவள் வந்து எடுத்துப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள். சேலையின் கீழ்ப்பகுதி நனைந்து மணல் ஒட்டியிருந்தது. ஒரு கையில் தூண்டில் பை, இன்னொரு கையில் ஒரு கேரி பேக். அதை என் முன்னால் தரையில் கவிழ்த்தாள். பச்சை நிறத்தில் தலைமுடி உருண்டை மாதிரி ஒன்று விழுந்தது.

"இன்னா அண்ணி இது? யார் சுத்துனது?"

"நான்தான்."

"மொதல்ல ரெண்டு வீச்சு போச்சு. மூணாவது வீச்சுல நரம்பு கொத்தா கெளம்பி கம்பு வளையத்துல மாட்டி பட்டுனு அறுந்துச்சு. ஈயம் எங்கயோ கடல்ல போச்சு. எதிர்ல யாருனா இருந்திருந்தா மண்டை ஒடஞ்சிருக்கும்."

"வீடியோல காட்டுன மாதிரிதான் செஞ்சேன்."

"இழுத்துப் புடிச்சு சுத்தணும் அண்ணி. பாபின்ல நூல் தொளதொளன்னு இருந்தா இன்னா ஆவும்? அடியில கொத்து கொத்தா சிக்கும். என் லைன்ல ஒரு பொண்ணு இப்படிச் சுத்தினா திட்டாம விடமாட்டேன்." கொஞ்ச நேரம் அந்த உருண்டையையே பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா, ரெண்டு பேருமா செய்வோம். ஒராளால ஆவுற வேலை இல்லை" என்றாள்.

சிக்கிப்போன பகுதியை வெட்டி எறிந்தோம். மீதியை ரீலிலிருந்து உருவி, முதலில் வந்த பிளாஸ்டிக் உருளையிலேயே திரும்பச் சுற்றினோம். அதற்கே முக்கால் மணி நேரம் போனது. பிறகு அவள் உருளையின் நடுவில் ஒரு பென்சிலைச் செருகி, தரையில் உட்கார்ந்து, பென்சிலின் இரண்டு முனைகளையும் தன் கால்விரல்களுக்கு இடையில் கொடுத்துப் பிடித்தாள். ஒரு பழைய கைத்துண்டை நனைத்துப் பிழிந்து, அதை மடித்து, மடிப்புக்குள் நரம்பை வைத்து இறுக்கிக்கொண்டாள். நான் எதிரில், கூடத்தின் மறுகோடியில், ரீல் பூட்டிய அடிக்கம்பைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்தேன்.

"சுத்து. மெதுவா. நான் விடமாட்டேன், நீ இழுத்துத்தான் எடுக்கணும்."

சுற்றினேன். இந்தத் தடவை கைப்பிடி கனமாக இருந்தது. நரம்பு ஈரத்துணிக்குள்ளிருந்து ஒரே மாதிரியான சன்னச் சத்தத்தோடு வந்து, ரீலில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் படிந்தது. அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ரீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் ஏறியிருக்கும். ஏன் அப்போது சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்ததும், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காததும்தான் காரணமாக இருக்கலாம்.

"அன்னைக்குக் காலையில அவர் எங்கிட்ட சொன்னார்" என்றேன்.

"இன்னா சொன்னான்?"

"நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னார்."

துணிக்குள் நரம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்திரி சாப்பிட்டது சேரலைன்னு நெனச்சேன். கேஸ்தான்னு ரெண்டு ஸ்பூன் மருந்து குடுத்தேன். சாயங்காலம் வரும்போது லேபுக்கு வாங்க, ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துடலாம்னேன். சரின்னுட்டு ஷூ போட்டுக்கிட்டுப் போனார்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. துணியைப் பிடித்திருந்த கை இறுகியது. கைப்பிடி சட்டென்று சுற்ற முடியாத அளவுக்குக் கனத்து நின்றது. நரம்பு எங்கள் இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. நான் விடவில்லை, அவளும் விடவில்லை. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள்.

"நீ தெனமும் அதைத்தானே எடுக்கிற" என்றாள்.

"ஆமாம்."

"தெனமும் பத்து பேருக்கு."

"ஆமாம்."

"சுத்து" என்றாள். கை கொஞ்சம் தளர்ந்தது.

மீதியைச் சுற்றி முடித்தேன். ரீலின் விளிம்புக்கு ஒரு நூலளவு கீழே நின்றது, சரியாக. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். ஆள்காட்டி விரலில் நரம்பு அறுத்த மெல்லிய கோடு, அதிலிருந்து ரத்தம். நான் பஞ்சை எடுத்தேன். "வேணாம்" என்றாள். நான் போட்ட காபியையும் குடிக்கவில்லை. தூண்டிலையும் எடுத்துக்கொள்ளவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அதன்பிறகு கேட் சாத்தும் சத்தம்.

ஈரத்துணியைக் காயப்போட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு ஆட்டோக்காரர் இடது கை வலிக்கிறது என்று வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பில் ரப்பர் கிண்ணங்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் அவளிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. நானும் கூப்பிடவில்லை. சொன்னதால் பாரம் குறைந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கூடவும் இல்லை. அவளிடம் சொன்னேன் என்பது ஒரு தகவலாக, ரிப்போர்ட்டில் ஒரு வரி மாதிரி, என்னிடம் இருந்தது. அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். நினைத்தபோது அது சரி என்றும் பட்டது.

நான்காவது சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்கு தூண்டில் ராடை எடுத்துக்கினு கீழ நில்லு அண்ணி. நான் வண்டி எடுத்துக்கினு வரேன்."

"நான் எதுக்கு?"

"அவ்ளோ நீளத்தை நான் ஒத்தையா எப்படி எடுத்துக்கினு போவேன்? நில்லு."

மேடவாக்கம், கேளம்பாக்கம் வழியாகப் போனோம். அவள் ஓட்டினாள். நான் பின்னால் தூண்டில் பையை நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். கோவளத்தில் படகுகள் வந்து சேர்ந்து, மீன் ஏலம் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி, ஆள் இல்லாத மணலுக்கு நடந்தோம். அவள் இறாலைக் கிள்ளிக் கொக்கியில் மாட்டி, இரண்டு அடி பின்னால் வந்து, கம்பைத் தலைக்கு மேலே சுழற்றி வீசினாள். நரம்பு சத்தமே இல்லாமல் கழன்று போனது. போய்க்கொண்டே இருந்தது. ஈயம் விழுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

கம்பை மணலில் ஊன்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உம்மேல கோவம் இன்னும் போவலை அண்ணி."

"தெரியும்."

"வேணும்னே வரலை. மூணு வாரமும் கோவத்தை வெச்சுக்கினே இருந்தேன்." மணலை எடுத்துக் கால்மேல் கொட்டினாள். "அப்புறம் ரோசனை பண்ணேன். அண்ணன் எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? சோடா வாங்கிக் குடிடான்னு சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஜாஸ்தி கோவமா கீது."

கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டே, "நெஞ்சு அடைக்குதுன்னு மட்டும்தான் சொன்னானா? வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"குடையை எங்க வெச்சேன்னு கேட்டார்."

"இன்னாத்துக்குக் கொடை? அன்னைக்கு மழையே இல்லையே."

"தெரியலை. எடுத்துக்கிட்டுப் போகவும் இல்லை."

அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். வலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். நான் அவள் முதுகில் கையை வைத்தேன். அது குலுங்குவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் கையை எடுக்கவும் தோன்றவில்லை.

அன்றைக்கு இரண்டு கிழங்கான் மீன் கிடைத்தது, விரல் நீளத்தில். விட்டுவிடலாம் என்றேன். "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று பையில் போட்டாள்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வீச எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. கடலுக்குப் பதில் பக்கவாட்டில் போய் விழுகிறது. சில நாள் நிறையப் பேசுவாள், சில நாள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேசாத நாள்களில் கோபம் மறுபடி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். காரணம் கேட்பதில்லை. போன வாரம் மீனே கிடைக்கவில்லை. வெயில் ஏறியதும் எழுந்து, கம்பைக் கழற்றிப் பையில் போட்டு, டீ குடிக்கப் போனோம்.